அடியில் வைத்த புள்ளி

ஜனவரி 9

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் எனக்குக் காது பாதி, உனக்குப் பொறுமை பாதி. அதனால்தான் பேனா.

உன் கடிதத்தை அம்மா வாசித்தாள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் சிரித்துக்கொள். உங்கள் ஆய்வகத்தில் உயிருள்ள செல்களைக் குப்பியில் போட்டு, சத்து நீர் ஊற்றி, உடம்புச் சூட்டில் ஒரு பெட்டிக்குள் வளர்க்கிறீர்கள். மற்றவர்கள் குப்பியெல்லாம் தெளிவாக இருக்க, உன்னுடையது மட்டும் கிருமி புகுந்து கலங்குகிறது. இன்னொரு முறை நடந்தால் வேலை நிரந்தரமாகாது என்று மேடம் சொல்லிவிட்டார்.

எனக்கு உறுத்துவது அந்த சீனியர் அக்காதான். "கவலப்படாத, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்று தினமும் டீ வாங்கித் தருகிறாளாமே, எதற்கு? சுவரில் ஈரம் இருந்தால்தான் பெயிண்டர் அதை மறைக்கக் கூடுதலாக ஒரு பூச்சு அடிப்பான். நானே அடித்திருக்கிறேன்.

சனிக்கிழமை கிளம்பும்போது குப்பிகளின் அடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு புள்ளி வை. யாராவது குப்பியை மாற்றி வைத்தால் தெரிந்துவிடும்.

உன்னைவிட அதிகமாகப் பயந்துபோயிருக்கும்,
அப்பா

ஜனவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே வைத்தேன். திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தால் எல்லாம் பளிச்சென்று இருந்தன. சந்தோஷமாக ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் புள்ளி இல்லை. ஒன்றில்கூட இல்லை. மேலே ஒட்டிய சீட்டில் என் பெயர், அச்சு அசலாக என் எழுத்து போலவே. என் குப்பிகளை எடுத்துவிட்டு யாரோ வேறு வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்தது அக்கா மட்டும்தான் என்று காவலாளி சொன்னார். நேராக மேடமிடம் போய்ச் சொல்லிவிட்டேன். வெளியே வரும்போது எதிரில் அக்கா. "என்னடி, சாப்ட்டியா?" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

உங்கள் மகள்

ஜனவரி 27

என் தங்கத்துக்கு,

நான் சொன்னேனா இல்லையா! அம்மாவிடம், "இத்தன நாளும் இந்த மூளைய வச்சுக்கிட்டா சுண்ணாம்பு கலக்கிட்டிருந்தேன்?" என்று கேட்டேன். "அந்த மூளைய வச்சு முதல்ல உங்க மூக்குக் கண்ணாடியத் தேடுங்க" என்றாள். கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது. அதை விடு. அந்த அக்காவிடம் இனிமேல் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதே.

துப்பறியும் அப்பா

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

அக்காவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

மேடம் விசாரித்தபோது அக்கா மறைக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை தன் செல்களைப் பார்க்க வந்தவள், என்னுடையவை மறுபடி கலங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறாள். எனக்கு வேலை போய்விடுமே என்று அவற்றைக் கொட்டிவிட்டு, தன் செல்களைப் புதுக் குப்பிகளில் போட்டு என் பெயரை எழுதியிருக்கிறாள். குப்பி கெட்டுப்போவதைவிட அதை மாற்றி வைப்பது பெரிய குற்றம் என்கிறார் மேடம். முன்பு கெட்டதும் அவள் வேலையாகத்தான் இருக்கும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள்.

போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ட்யூப்ல மிஞ்சுற சத்து நீர திரும்ப பாட்டில்ல ஊத்தாதடி. நேத்துதான் கவனிச்சேன். அதுலதான் உன் பாட்டில் பூராவும் கெடுது."

ஊற்றுகிறேன் அப்பா. அவரவருக்குத் தனித்தனி பாட்டில். விலை அதிகமாயிற்றே, கீழே கொட்ட மனசு வராது. மிச்ச பெயிண்டை நாம் டப்பாவில் திரும்ப ஊற்றுவோமே, அந்தக் கைப் பழக்கம்.

இது மேடத்துக்குத் தெரியாது.

உங்கள் மகள்

பிப்ரவரி 10

அன்பு மகளுக்கு,

அவசரப்படாதே. எனக்கு ஒரு சந்தேகம். வேலை போகிற ஆத்திரத்தில் பழியை உன் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கலாம் இல்லையா? அவள் வாயால் சொன்னதுதானே, யார் கண்டது? நிரந்தரமான வேலையை நாமே போய்க் கெடுத்துக்கொள்வானேன்? இனிமேல் ஊற்றாதே, அதோடு விடு. வாயைத் திறக்காதே.

இந்தக் கடிதத்தில் அம்மாவையும் கையெழுத்துப் போடச் சொன்னேன், மாட்டாளாம். காரணம் கேட்டால் பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

அப்பா

பிப்ரவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது, அக்கா பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அதனால் பரிசோதித்துப் பார்த்தேன். இரண்டு புது பாட்டில் எடுத்து, ஒன்றில் மிச்சத்தைத் திரும்ப ஊற்றினேன், ஒன்றில் ஊற்றவில்லை. இரண்டையும் சூட்டுப் பெட்டியில் வைத்தேன். ஊற்றியது மோர் மாதிரி ஆகிவிட்டது. மற்றது அப்படியே இருக்கிறது.

இரண்டையும் மேடத்தின் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நிரந்தரம் ரத்து, மறுபடி தற்காலிகம். கெட்டதெல்லாம் என் கையால்தான் என்று எல்லோரையும் கூட்டிச் சொன்னார். குப்பி மாற்றியது மாற்றியதுதான், அக்காவைத் திரும்ப எடுக்க முடியாது என்றும் சொன்னார்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். வீட்டுச் சங்கதி எழுதுங்கள், கண்ணாடி மறுபடி தொலைந்தால் அதையும் எழுதுங்கள். இங்கே வேலை பார்ப்பவர்களைப் பற்றி மட்டும் இனி நான் உங்களுக்கு எழுத மாட்டேன்.

இன்று அக்காவுக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. உங்களிடம் கேட்கவும் போவதில்லை.

உங்கள் மகள்