பதினோரு படகும் திரும்பிய சனிக்கிழமை

மரக்காணம் பக்கம், நம் குப்பம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சுகுமாருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை தமிழ்மொழியும் அம்மன் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தலைக்குத் துணி கட்டி, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். சிரி. வாட்ஸ்அப்பில் நான் நாலு வரி எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். பேசி அனுப்பலாம் என்றால் நம் வீட்டில் இருப்பது ஒரே அறை, நான் பெருமூச்சு விட்டாலும் உன் அப்பா காதில் விழும். இதில் இருப்பதோ அவரைப் பற்றிய சங்கதி. அதனால்தான் மேலத்தெரு வெங்கடாசலம் லீவு முடிந்து பஹ்ரைன் திரும்புகிறான் என்று கேள்விப்பட்டதும் தமிழின் நோட்டிலிருந்து தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நாளைக் காலையில் அவன் திண்டிவனம் போய் பஸ் பிடிப்பதற்குள் கொடுத்துவிட வேண்டும். கூடவே நெத்திலிக் கருவாடும் வறுத்த மல்லாட்டைக் கடலையும் ஒரு பை இருக்கும். வழியில் அவன் பாதியைத் தின்றிருந்தால் எனக்குச் சொல், அவன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

குப்பம்மாள் அத்தைக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது தெருமுனையில் யார் யாரோடு நின்று பேசுகிறார்கள் என்று வீட்டிலிருந்தே பெயர் சொல்கிறாள், ஊரே அவளுக்குப் பயந்துகொண்டு இருக்கிறது. அது கிடக்கட்டும். போன மாதம் போனில் நீ ஒரு வார்த்தை சொன்னாய், நினைவிருக்கிறதா? ‘அவருக்கு நான் இருந்தா என்னா, செத்தா என்னா, ஒரு நாளாவது என்னிய கேட்டிருக்காராம்மா’ என்றாய். அதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பதினாலு மாதமாக நீ கூப்பிடும் போதெல்லாம் அவர் எழுந்து வெளியே போய்விடுவதை நானும்தானே பார்க்கிறேன். உன்னோடு சேர்ந்து ஓட்டலாம் என்று ஆசையாக ஒரு படகை இறக்கி வைத்திருந்த நேரத்தில் நீ வெல்டிங் வேலைக்கு வெளிநாடு போகிறேன் என்றாய். ‘போறவன் போவட்டும், கடலு யாரையும் கையப் புடிச்சி இழுக்கல’ என்று சொன்ன மனுஷன், உன்னை வழியனுப்பத் திண்டிவனம் வரைக்கும்கூட வரவில்லை. அந்த வருத்தம் உனக்கு இருக்கத்தான் செய்யும், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு நீயும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாய். கட்டைவிரல் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. நீ கேட்டதற்கு இப்போது எனக்குப் பதில் கிடைத்திருக்கிறது. அதுவும் உன் தங்கை பள்ளிக்கூடத்தில் போடுகிற காமிக்ஸ் வழியாகக் கிடைத்தது என்றால் நம்புவாயா. முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் தாளை மடித்து வைத்துவிடாதே.

தமிழ் இப்போது ஒன்பதாவது அல்லவா, அவர்கள் வகுப்புக்கு ஜெசிந்தா என்று ஒரு புது டீச்சர் வந்திருக்கிறார். பிள்ளைகளை மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் சொந்தமாக ஒரு சூப்பர் ஹீரோவை உண்டாக்கி எட்டுப் பக்கத்தில் காமிக்ஸ் வரைய வேண்டும் என்று ப்ராஜெக்ட் கொடுத்துவிட்டார். சினிமாவில் டிவியில் வந்த ஆள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாதாம். நன்றாக வந்ததை விழுப்புரத்தில் நடக்கிற கண்காட்சிக்கு எடுத்துப் போவார்கள். ஆனால் எடுத்த எடுப்பில் படம் போட முடியாது, முதலில் திட்டம் எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஹீரோவுக்குப் பேர் என்ன, எந்த ஊர், என்ன சக்தி, அந்தச் சக்தியால் எது முடியாது, இப்படி வரிசையாகக் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்து இல்லை. எல்லாம் முடிஞ்ச ஆளுக்கு எதுக்குக் கதை, அவரு பாட்டுக்கு வூட்ல படுத்துக்கலாமே என்று கேட்டாராம். எனக்கு அந்த டீச்சரைப் பார்க்காமலே பிடித்துப் போய்விட்டது.

தமிழோடு இரண்டு பேர். உப்பளத்தில் வேலை செய்கிறாளே அம்சவள்ளி, அவள் மகள் ரோஜா, அப்புறம் பிரம்மதேசத்திலிருந்து பஸ்ஸில் வருகிற அலெக்ஸ் என்கிற பையன். மூன்று பேரும் நம் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாரம் போட்ட சண்டை இருக்கிறதே, பஞ்சாயத்துகூட அவ்வளவு நேரம் நடந்ததில்லை. அலெக்ஸுக்கு ஹீரோ பறக்க வேண்டும். ரோஜாவோ, ‘நாங்க தெனமும் கைய காட்டிக்கினே நிக்கிறோம், ஒரு பஸ்ஸும் நிக்க மாட்டேங்குது, எங்காளு கைய காட்டினா எதுவா இருந்தாலும் நிக்கணும், பஸ்ஸு, காத்து, அலை எல்லாம்’ என்று ஒரே பிடியாக நின்றாள். கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். ஹீரோ உப்பளத்து ஊரில் பிறந்த பெண், பெயர் உப்புச்செல்வி. பெயர் நான் வைத்தது, டீச்சருக்குத் தெரிய வேண்டாம் என்று உன் தங்கை சொல்லியிருக்கிறாள். முடியாதது என்ன என்கிற கட்டம் மட்டும் நிரம்பவே இல்லை. இருட்டில் முடியாது, மழையில் முடியாது, பசித்தால் முடியாது என்று எழுதி எழுதி அடித்து, அந்த இடத்தில் தாளே ஓட்டையாகிவிட்டது.

எட்டு நாளைக்கு முன்னால், சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், தப்பு முழுக்க என்னுடையது. உப்புச்செல்விக்கு முதுகில் நீளமாக ஒரு துணி தொங்க வேண்டுமாம், அது காற்றில் எப்படி மடிகிறது என்று பார்க்காமல் வரைய வராது என்றாள் தமிழ். கொடியில் கிடந்தது எல்லாம் ஈரம். ஊரைக் காப்பாற்றப் போகிறவளுக்குக் கிழிந்ததைக் கொடுப்பானேன் என்று பெட்டியைத் திறந்து, உன் முதல் சம்பளத்தில் எடுத்து அனுப்பினாயே, அந்தச் சிவப்புப் புடவையைத் தூக்கிக் கொடுத்தேன். வாசலில் வைத்து வரைவார்கள் என்று நினைத்தேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அப்புறம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் காற்று போதவில்லை என்று மூன்று பேரும் மணல்மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். அலெக்ஸ் தோளில் புடவையைக் கட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து நின்று, நில் என்று கையை உயர்த்தி உயர்த்திக் காட்டியிருக்கிறான். நம் ஊரில் மேட்டில் ஏறி வெள்ளைத் துணி காட்டினால் அலை நன்றாக இருக்கிறது, கரைக்கு வரலாம் என்று அர்த்தம், சிவப்பு காட்டினால் யார் வீட்டிலோ கெட்ட செய்தி, போட்டது போட்டபடி எல்லாரும் திரும்பு என்று அர்த்தம். உனக்குத் தெரியாததா. நீ பிறந்த பிறகு இரண்டே தடவைதான் சிவப்பு ஏறியிருக்கிறது. பிரம்மதேசத்துப் பையனுக்கும் உப்பளத்துப் பெண்ணுக்கும் இது எப்படித் தெரியும். நம் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே போயிற்று புத்தி என்று கேட்பாய். அவள் பென்சிலால்தானே வரைகிறாள், மடிப்பைத்தான் பார்த்தாளாம், நிறத்தைப் பார்க்கவில்லையாம்.

அன்றைக்குப் பதினோரு படகு வெளியே இருந்தது. பத்து மணி இருக்கும், அத்தனையும் திரும்பியது. எந்தப் படகில் எந்த வீட்டு ஆள் என்று தெரியாமல் குப்பமே கரைக்கு ஓடியது. நானும் கரண்டியோடு ஓடினேன். மேட்டைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்கள் எல்லாம் வலையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். உன் அப்பா மட்டும் எல்லாரையும்விடத் தூரத்தில் இருந்தும் முதலில் வந்தார். வலையை இழுக்க நேரமாகும் என்று கயிற்றை அறுத்துவிட்டு வந்திருக்கிறார். உன் சேக்காளி வல்லரசுதான் இப்போது அவரோடு போகிறான், அவன் சொன்னான், ‘செவப்ப பாத்ததும் மாமா வேற யாரையும் நெனைக்கல அத்த, எங்க சுகுமாருக்கு என்னமோ ஆயிடுச்சிடா, ஜல்தி ஓட்டுடான்னாரு’ என்று. படகு தரை தட்டுவதற்கு முன்னால் மார்பளவு தண்ணீரில் குதித்து வந்தார். நான் கண் முன்னால் நிற்கிறேன், தமிழ் மேட்டில் நிற்கிறாள், எங்கள் இரண்டு பேரையும் அவர் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘புள்ளைக்கு என்னா ஆச்சி, போன் வந்துச்சா, யாரு பேசினா’ என்றார். சுகுமார் நல்லா இருக்கான், நேத்துகூட மெசேஜ் அனுப்பினான், இது புள்ளைங்க படம் போடுற துணி என்று நான் சொல்லச் சொல்ல, ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மறுபடியும், ‘நெசமா ஒண்ணும் இல்லியே சௌந்தரம்’ என்று கேட்டார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை கேட்டார். நீ கேட்டாயே, ஒரு நாளாவது கேட்டிருக்காரா என்று. எண்ணிக்கொள்.

சாயங்காலம் பஞ்சாயத்து கூடியது. கூடாமல் இருக்குமா, பதினோரு படகின் மீன்பாடு போயிற்று. படம் போடுகிற நோட்டைப் பிடுங்கி வைக்க வேண்டும், வெளியூர்ப் பிள்ளைகள் இனிமேல் குப்பத்துக்குள் வரக் கூடாது என்று பக்கத்துப் படகுக்காரன் திருமுருகன் கத்தினான். ரோஜா அழுதாள். அலெக்ஸ் மட்டும், ‘சாரிங்க, ஆனா பவர் வேலை செஞ்சிடுச்சிங்க’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான், எனக்குச் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடிக்க வேண்டியதாயிற்று. பஞ்சாயத்தில் ஒரு நாளும் வாய் திறக்காத உன் அப்பா அன்றைக்கு எழுந்தார். ‘வல போனது எனக்கு. நானே பேஜாரு பண்ணல, நீங்க ஏன் பண்றீங்க. யார் வூட்டு சேதின்னு தெரியாமலே அத்தினி பேரும் திரும்பிக்கினு வந்தோம், ஒருத்தன் நிக்கல. அது போதும். புள்ளைங்க வரையட்டும்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பஞ்சாயத்தும் அதோடு கலைந்தது. மறுநாள் விடியற்காலையில் திருமுருகனும் வல்லரசும்தான் தேடிப் போய் வலையில் பாதிக்குமேல் மீட்டு வந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா கிழிந்த வலையைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தமிழ் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காலிக் கட்டத்தில் எதையோ எழுதினாள். எழுதிவிட்டு நோட்டைத் திறந்தபடியே வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள், வேண்டுமென்றுதான் வைத்தாளோ என்னவோ, அவள் உன்னைவிடக் கெட்டிக்காரி. அப்பா எழுத்துக் கூட்டித்தானே படிப்பார். உதடு அசைய அசையப் படித்ததை நான் அடுப்பங்கரையிலிருந்து பார்த்தேன். உப்புச்செல்வி எதையும் நிறுத்துவாள், தன் வீட்டை விட்டுப் போகிறவர்களை மட்டும் அவளால் நிறுத்த முடியாது என்று எழுதியிருந்தது. அவர் திரும்பவும் முதலிலிருந்து எழுத்துக் கூட்டினார். தமிழ் வந்ததும், ‘செரியாத்தான் எழுதிக்கிற’ என்றார். அப்புறம், ‘கடைசிப் பக்கத்துல சேப்பு வேணாம், அவ கையில வெள்ளத் துணியக் குடு’ என்றார். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, வலையிலிருந்து தலையைத் தூக்காமலே, ‘உங்க அண்ணன் ஊர்ல இப்ப மணி என்னா’ என்று கேட்டார். இங்கே பத்து, அங்கே ஏழரை என்றாள். ‘அப்ப வேலைக்கிக் கெளம்பியிருப்பான்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் ஒரு தடவையாவது கேட்கிறார். இப்போது அவரே இரண்டரை மணி கழித்துக் கணக்குப் போடப் பழகிவிட்டார்.

தமிழின் திட்டத்துக்கு ஜெசிந்தா டீச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டார், மூன்று பக்கம் முடிந்திருக்கிறது. நீ பேசினால் உப்புச்செல்வியின் மூக்கு நன்றாக இருக்கிறது என்று சொல், அலெக்ஸ் குறை சொன்னதில் அவளுக்கு வருத்தம். நீ தலைக்கு எண்ணெய் வை, வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாதே, அறையில் இருப்பவர்களோடு அனுசரித்துப் போ. நீ நூறு வயசு நல்லா இருக்க வேண்டும், போன இடத்தில் உனக்கு நாலு பேர் துணை இருக்க வேண்டும், அதுதான் நான் அம்மனிடம் கேட்பது.

ஒன்றை மட்டும் மறக்காதே. வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை என்று உன் அப்பா வல்லரசிடம் சொல்லிவிட்டார், ஏன் என்று கேட்டால் வலை பின்ன வேண்டும் என்கிறார். வலை பின்னி முடித்து இரண்டு நாள் ஆகிறது. நீ கூப்பிடு, போனை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நான் குப்பம்மாள் அத்தை வீட்டுக்குப் போய்விடுவேன். எடுத்துவிட்டு அவர் ஒன்றும் பேசாமல் இருந்தாலும் நீ வைத்துவிடாதே.

உன் அம்மா,
சௌந்தரம்