நாற்பத்தொரு புத்தகமும் ஓர் ஆன்லைன் வகுப்பும்

என் கோபத்தையும் கையோடு வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்த அன்புத் தம்பி செல்லமுத்து சாருக்கு,

நலமா என்று உங்களைக் கேட்க முடியாது. நான் நலம். நூலகமும் நலம். அந்த இரண்டாவது சேதியைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன கை, நான்கு நாளாக எழுதுகிறது. உங்கள் நாற்காலியில் இப்போது உட்காரும் நூலகர் கிரேசி, இதை வாசல் பலகையில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஊரே படிக்கட்டும். நீங்கள் என் பெயரைச் சிவப்பு மையில் எழுதியதையும் அதே பலகையில்தானே ஊரே படித்தது?

உங்கள் சாவுக்கு நான் வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் மழை என்று சொன்னேன். மழை இல்லை. உங்கள் ஊர் முள்ளுக்குறிச்சிக்குப் பஸ்ஸும் இருந்தது. நான்தான் ஏறவில்லை. காரணம் அந்தப் புதன்கிழமை.

பதினேழு வருடம் ஆகிறது. அன்றைக்குத் தூறல். நீங்கள் பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தீர்கள், மேலிருந்து மூன்றாவது பித்தான் இல்லை. நான் எடுத்துப்போயிருந்த தேனீ வளர்ப்புப் புத்தகத்தைக் கேட்டீர்கள்.

“பாவாயக்கா, புத்தகம் எங்க?”

“சின்னத்தாயி ஊட்டுக்குப் போயிருக்குதுங்க சார். அவ பாத்துட்டு அடுத்த ஊட்டுக்குக் குடுப்பா.”

“நான் உங்களுக்குத்தான் குடுத்தேன். ஊருக்குக் குடுக்கல.”

சொல்லிவிட்டு என் உறுப்பினர் அட்டையை வாங்கி மேசைக்குள் போட்டுப் பூட்டினீர்கள். மறுநாள் பலகையில் என் பெயர், பக்கத்தில் ‘தொலைத்தவர்’ என்று சிவப்பில். நான் எதையும் தொலைப்பவளா? என் பாட்டி காலத்து அரிவாள்கூட இன்னும் என் கூரையில் செருகியிருக்கிறது.

நீங்கள் மலைக்குக் கீழே பிறந்தவர். எங்கள் ஊர் விதை நடக்கும் விதம் உங்களுக்குத் தெரியாது. தினை விதையோ சாமை விதையோ ஒரு வீட்டில் வாங்கினால், அறுப்பு முடிந்ததும் கொடுத்த வீட்டுக்கே அதைத் திருப்பிக் கொண்டுபோவதில்லை. அடுத்து யாருக்கு வேண்டுமோ அவர்களுக்குக் கொடுப்போம், வாங்கியதற்கு மேல் ஒரு கை சேர்த்து. கொடுத்த வீட்டுக்குச் சேதி மட்டும் போகும், இன்னார் வீட்டில் இருக்கிறது என்று. புத்தகத்தையும் நாங்கள் அப்படித்தான் நடத்தினோம். அதில் என்ன களவு?

அதற்குப் பிறகு நான் உங்கள் படி ஏறவில்லை. நீங்கள் பஸ்ஸுக்குப் போகிற வழியில், “அக்கா, சௌக்கியங்களா?” என்று கேட்பீர்கள். நான் என் செவலை மாட்டிடம் பதில் சொல்வேன். “சௌக்கியம்னு சொல்லு, செவலை.” மாடு உங்களைப் பார்க்கும். நீங்கள் சிரித்துக்கொண்டே போவீர்கள். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆனால் அட்டை போனாலும் புத்தகம் நிற்கவில்லை. கைமாறிக் கைமாறி என் வீட்டுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. நீங்கள் கணக்கெடுக்கும் வாரம் மட்டும் சிவப்பு மைக்குப் பயந்து, அந்தத் தேனீப் புத்தகம் தவிர மற்ற எல்லாப் புத்தகமும் உங்கள் மேசைக்கு ஓடிவரும். அடுத்த வாரம் மறுபடி ஊர் சுற்றப் போய்விடும். இது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தேதான் சிரித்தீர்களா?

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். நீங்கள் பணியில் இருந்தபோது வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி என்று நாமக்கல்லுக்குப் போவீர்கள். நூலகம் பூட்டிக் கிடக்கும். மரவள்ளிக் குச்சிக்கிழங்கு மூட்டையோடு மலை ஏறி வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். மறுநாள் ஒரு பையும் ஒரு ஃபைலும் கொண்டுவருவீர்கள். அந்தப் பையில் கத்தரிக்காய் வாங்கியதைத் தவிர வேறு பயிற்சி எதையும் நான் பார்த்ததில்லை.

இப்போது பயிற்சி மலை ஏறி வருகிறது சார். போனில் வருகிறது. கிராமத்து நூலகர்களுக்கு என்று பத்து வாரப் படிப்பு, மத்தியானம் இரண்டு மணி முதல் மூன்றரை வரை. நாலு மணிக்கு நூலகக் கதவைத் திறந்துவிடலாம். ஆனால் உங்கள் நூலகம் பள்ளத்தில் இருக்கிறதே, அங்கே போனில் ஒரு கோடுகூட நிற்காது. கிரேசி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் நடந்தாள். கடைசியில் சிக்னல் கிடைத்த இடம் எது தெரியுமா? என் மாட்டுக்கொட்டகையின் கிழக்கு மூலை.

“ஆயா, தினமும் ஒன்றரை மணி நேரம் இங்க உக்காந்துக்கட்டுங்களா?”

“உக்காரு கண்ணு. செவலைக்கும் பேச்சுத்துணை ஆச்சு.”

இந்தப் படிப்பை அவள் முடித்தே ஆகவேண்டும். தேறினால் இதே ஊரில் நூலகராக இருப்பாள். தேறாவிட்டால் அவளைக் கீழே பெரிய நூலகத்துக்கு உதவிக்கு அனுப்பிவிட்டு, இங்கே வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் கதவு திறப்பதாக மேலிடத்தில் பேச்சு. வாரத்துக்கு ஒரு நாள்! அந்த நாளில் மழை வந்தால்?

அதனால் நானும் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். கொட்டகைக்கு இந்தப்பக்கம் மிளகு கிள்ளிக்கொண்டு கேட்பேன். போனுக்குள் சின்னச் சின்னக் கட்டம், கட்டத்துக்கு ஒரு நூலகர். ஊட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் குரங்குக் குல்லாவோடு வருவார். கடற்கரை ஊர்ப் பெண் ஒருத்தி மின்விசிறிக்கு அடியில் வேர்த்து வடிவாள். பாடம் நடத்துகிற அம்மா பட்டணத்துக்காரர், தேன் மாதிரிக் குரல். மூன்றாம் நாள் செவலை ஒரு சத்தம் கொடுத்தது.

“யாரோ மைக்கை அணைக்கல. தயவுசெஞ்சு அணைச்சிருங்க” என்றார் அந்த அம்மா.

“அது மைக் இல்லீங்கம்மா, மாடுங்க” என்றாள் கிரேசி. குல்லாக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து எல்லோரும் செவலையை விசாரித்துவிட்டுத்தான் பாடத்துக்குள் போவார்கள்.

என்னென்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்கிறீர்கள்! கணினியில் புத்தகத்தைத் தேடுவது. குழந்தைகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவது. எழுத்துத் தெரியாதவர் வந்தால் எப்படிப் பேசுவது. இதைக் கேட்டபோது கிள்ளிய மிளகைக் கூடைக்கு வெளியே போட்டுவிட்டேன். எழுத்துத் தெரியாதவரும் வாசகர்தான் என்று அந்த அம்மா சொன்னார் சார். இதை யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால்?

எட்டாம் வாரம் வந்தது வினை. இருப்புச் சரிபார்ப்பு. ஒவ்வொருவரும் தங்கள் நூலகத்துப் புத்தகங்களை எண்ணி, குறைந்தால் ஏன் குறைந்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும். கிரேசி யாரையும் அதட்டாதவள், சிவப்பு மை வாங்காதவள். அதனால் ஒருவரும் பயந்துகொண்டு மேசைக்கு ஓடிவரவில்லை. எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொரு புத்தகம் இல்லை.

வகுப்புக்கு முன்னால் என் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து அழுதாள். “என்னைத்தான் கேப்பாங்க ஆயா. ஒண்ணு ரெண்டுன்னா சொல்லலாம். நாப்பத்தொண்ணுக்கு நா என்னத்தச் சொல்வேன்?” கை நடுங்கியது. அவள் மூக்கைத் துடைத்ததைப் பார்த்தபோது, சார், எனக்கு அந்தப் புதன்கிழமை இன்னொரு விதமாக ஞாபகம் வந்தது. அன்றைக்கு உங்கள் கையும் நடுங்கியது. நான் அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். உங்களையும் யாரோ ஒருவர் கணக்குக் கேட்கக் காத்திருந்தாரா? பதினேழு வருடம் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தேன், பித்தான் முதற்கொண்டு. அந்தக் கையை மட்டும் ஏன் விட்டேன்?

வகுப்பு ஆரம்பித்தது. கிரேசி முறை வந்தது. “நாற்பத்தொரு புத்தகம் காணவில்லை” என்று வாசித்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

“காணாமப் போகலைங்க!” என்றேன்.

“ஆயா, மைக் ஆன்ல இருக்கு!”

“இருக்கட்டும். காணாமப் போனாத்தான காணோம்னு சொல்லோணும்?”

பாடம் நடத்துகிற அம்மா கேட்டார். “யாருங்கம்மா பேசறது? கொஞ்சம் முன்னால வாங்க.”

போனுக்கு முன்னால் போய் நின்றேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். விண்வெளிப் படப் புத்தகம் ரங்கன் வீட்டில், அட்டை கிழிந்ததைச் சோறு வைத்து ஒட்டியிருக்கிறான். தையல் புத்தகம் சின்னத்தாயி மருமகளிடம். கொலைக்கதை நாலும் மாரப்பன் வீட்டில், அவன் மூன்றாவதைப் படித்துவிட்டு ராத்திரிக் காவலுக்குப் போகமாட்டேன் என்கிறான். சமையல் புத்தகம் ஒன்று கல்யாணமாகித் திருப்பூர் போயிருக்கிறது. ஒன்றை ஆடு தின்றுவிட்டது, பார்த்த சாட்சி இருக்கிறது. நாற்பத்தொன்றும் சொல்லி முடித்தேன். கட்டங்களில் ஒருவரும் அசையவில்லை. போன் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

“இதையெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களாம்மா?”

“எதுக்குங்க எழுதோணும்? கைமாறுறப்ப சேதி சொல்லி உடுவாங்கல்ல, எங்காதுக்கும் வந்துரும்.”

அந்த அம்மா நல்லவர், ஆனால் ஏமாளி இல்லை. “ஞாபகத்தை நான் இருப்பா எடுத்துக்க முடியாதும்மா. அடுத்த வாரம் புத்தகங்களை மேசையில வெச்சுக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்” என்றார். நியாயம்தான். நீங்களும் எனக்கு ஒரு வாரம் கொடுத்திருக்கலாம்.

ஊருக்குச் சேதி போனது. கிரேசியை அனுப்பிவிடுவார்கள், கதவைப் பூட்டிவிடுவார்கள், புத்தகம் வந்து சேரட்டும் என்று. பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! எங்கள் தேவனூர் நாட்டு மலைவழியெல்லாம் புத்தகம் நடந்து வந்தது. பலாப்பழத்தோடு வந்தார்கள், வாழைத்தாரோடு வந்தார்கள். நீங்கள் தொலைந்தது என்று எழுதிக் கணக்கை முடித்த தேனீப் புத்தகம்கூட வந்தது, பக்கமெல்லாம் மெழுகு வாசத்தோடு. பதினொரு வீடு பார்த்துவிட்டதாம். உங்கள் பழைய பதிவேட்டைப் பிரித்து என் பெயருக்கு எதிரே அங்கேயும் இருந்த அந்தச் சிவப்பை கிரேசி அடித்தாள். ஒரே கோடு. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வகுப்பு நேரத்துக்கு எல்லாவற்றையும் என் வாசலுக்கு மேசையோடு தூக்கிவந்தோம். கிரேசி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். முகம் வெளுத்துவிட்டது.

“ஆயா, அந்தத் தேனீப் புத்தகம் பழைய கணக்கு, அதைத் தனியா வெச்சுட்டேன். ஆடு தின்னது ஒண்ணு, திருப்பூர்ல ஒண்ணு. மேசையில முப்பத்தொம்பதுதான இருக்கோணும்? அம்பத்திரண்டு இருக்குது!”

என்ன நடந்தது என்று புரிகிறதா சார்? வாங்கியதை வாங்கியபடி வெறுங்கையோடு திருப்பிக் கொடுக்க எங்கள் ஊரில் யாருக்குக் கை வரும்? ஆளாளுக்கு ஒரு கை சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளையின் பழைய கணக்குப் புத்தகம், போன வருடப் பஞ்சாங்கம், விவசாய ஆபீசில் கொடுத்த உரக் கையேடு. மாரப்பன் தன் மிக்சிப் பெட்டிக்குள் இருந்த விளக்கப் புத்தகத்தையே கொண்டுவந்து வைத்திருந்தான். “நல்ல தாளுங்க, ஒரு கிழிசல் இல்ல” என்று சிபாரிசு வேறு.

“கொறஞ்சதுக்கே அத்தனை கேள்வி. கூடுனதுக்கு என்ன கேப்பாங்களோ!” என்று கிரேசி தலையில் கை வைத்தாள். ஆனாலும் மறைக்கவில்லை. போனை மேசை மேல் திருப்பி, இது நூலகத்து முப்பத்தொன்பது, இது ஊர் சேர்த்த பதின்மூன்று என்று பிரித்துக் காட்டினாள். திருப்பூர்ப் பெண் அனுப்பிய சமையல் புத்தகத்தின் படத்தையும் காட்டினாள். ஆடு தின்றதற்கு மாரப்பனே முன்னால் வந்து சாட்சி சொன்னான். “வெள்ளாடுங்க. வரலாறுங்க. அட்டையை மட்டும் உட்டுருச்சுங்க.”

அந்த அம்மா மிக்சிப் புத்தகத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கட்டமெல்லாம் சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார். “கிரேசி, இத்தனை நாளா இந்த ஊர்ல புத்தகம் எப்படி நடக்குதுன்னு நீங்க ஏன் யாரையும் கேக்கல?”

கிரேசி மிக்சிப் புத்தகத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, “கேக்கலாம்னே எனக்குத் தோணலைங்கம்மா” என்றாள். அதற்குத்தான் அவளுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது என்று நான் நினைக்கிறேன். மறுவாரமே டீக்கடையில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டாள். புத்தகம் கைமாறினால் கொடுக்கிறவர் அங்கே சொல்லவேண்டும், டீ ஆற்றுகிறவர் எழுதிக்கொள்வார். எங்கள் சேதிதான், இப்போது காகிதத்தில் உட்கார்ந்திருக்கிறது.

தேறிவிட்டாள் சார்! சான்றிதழ் போனில் வந்தது. அதைப் பெரிதுபடுத்திச் செவலைக்கும் காட்டினாள். கிரேசி இங்கேயே இருக்கிறாள். வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் கதவு திறக்கிறது. அடுத்த தொகுதி நூலகர்களுக்கு ஒரு மணி நேரம் அவளையே பேசச் சொல்லியிருக்கிறார்கள், என் கொட்டகையிலிருந்து. கற்றுக்கொள்ள உட்கார்ந்த வைக்கோலிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கப் போகிறாள்.

உங்களுக்கும் இப்படி ஒரு வகுப்பு கிடைத்திருந்தால் நீங்கள் என்ன ஆகியிருப்பீர்கள்? பஸ்ஸில் உங்கள் சீட்டில் புத்தகக் கட்டை உட்காரவைத்துவிட்டு, மலைப்பாதையின் எழுபது வளைவும் நின்றுகொண்டே வந்தவர் நீங்கள். அதையும் நான் மறக்கவில்லை. கோபத்தோடு சேர்த்து அதையும்தான் வைத்திருந்தேன். வருடத்துக்கு ஒரு நாள் பயிற்சியும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்து உங்களைத் தனியாக மலை ஏற்றிவிட்டார்கள். அட்டையைப் பிடுங்கியதை முழுசாக மன்னித்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். முக்கால்வாசி மன்னித்துவிட்டேன். மீதியைத் திங்கட்கிழமை பஸ் ஏறி முள்ளுக்குறிச்சிக்கு வந்து, உங்கள் வீட்டம்மாவோடு உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் தம்பி. என் கால் நடக்கிறவரை, வேலை நாளில் அந்தக் கதவு பூட்டிக் கிடக்க விடமாட்டேன். கிரேசிக்கு உடம்புக்கு முடியாவிட்டால் அவளிடம் சாவியை வாங்கி, திறந்து, பெருக்கி, உட்கார்ந்திருப்பேன். யார் வந்து எந்தப் புத்தகம் கேட்டாலும் இல்லை என்று சொல்லி அனுப்பமாட்டேன். அது எந்த வீட்டில் இருக்கிறது, எந்த வழியாகப் போகவேண்டும் என்று சொல்லி அனுப்புவேன்.

இப்போதும் உங்களைத் தம்பி என்றே நினைக்கும்,
உங்கள் அக்கா
பாவாயி