கால் பாடம் வியாழக்கிழமை

என் வீட்டுக்காரிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். இந்த வயதில் எழுதப் பழகிய கை, ஒவ்வொரு வரிக்கும் இளைப்பாறக் கேட்கிறது. ஆனாலும் இது நானே எழுதியது! நீ துணைக்குப் போயிருக்கும் மகளுக்குப் பேறுகால நேரம், அவளிடம் காட்டாமல் நீயே படி.

சுகாதார நிலையத்தில் புதுப் பணியாளர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. சோதித்துப் பழகுவதற்குச் சர்க்கரை நோயாளி ஒருவர் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். பெருமையாகத்தான் போனேன். ஒருவர் விடாமல் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார்கள்.

"கால் விரல்ல ஒரு புண்ணு இருக்கும்மா, அதையும் பாத்துடுங்க" என்றேன், பயிற்சி கொடுத்த அம்மாவிடம்.

"கால் பாடம் அடுத்த வியாழக்கிழமை, ஐயா. இன்னைக்கே பாத்தா இவங்க குழம்பிடுவாங்க."

சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அப்படித்தான் போட்டிருந்தது. நானே படித்த சந்தோஷத்தில் பாதிக் கோபம் போனது. மீதியோடு வீட்டுக்கு வந்தேன்.

வியாழனன்று காலுறையைக் கழற்றி, கறுத்துப்போயிருந்த விரலைப் பார்த்ததும் அந்த அம்மா பாடத்தை நிறுத்திவிட்டார்.

"வலிக்கலையா ஐயா?"

"வலிச்சிருந்தா உங்க பாடத்துக்கா காத்திருப்பேன்?"

அந்த அம்மா அப்போதே வண்டிக்குச் சொல்லி அனுப்பினார்.

இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன். அதே பிள்ளைகள் கூட்டமாக வந்து என் காலைப் பார்த்துக் கற்றுக்கொண்டு போகிறார்கள். அன்றைக்கே பார்த்திருந்தால் என்ன என்று கேட்டால், அந்த அம்மா தலையைக் குனிந்துகொள்கிறார். யாரிடம் போய்ச் சண்டை போடுவது, சொல்.

நாளைக்கு விரலை எடுக்கிறார்கள். ஒன்றுதான் என்கிறார்கள். நீ கிளம்பி வந்துவிடாதே. எழுதுவது கையால்தானே, அடுத்த வாரமும் எழுதுவேன்.

உன் வீட்டுக்காரன்