படிவத்தின் ஓரத்தில் ஒரு நத்தை

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே நான் நலம், அப்பாவும் முட்டிவலியோடு நலம். நீ நலமாக இருப்பதைப் பத்திரிகையில் வந்த உன் புகைப்படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், கேட்டு எழுதும் வேலை மிச்சம். சின்னவளும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "மெதுவா பேசும்மா" என்பாய், விஷயம் அங்கேயே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி.

இளம்பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்களா, எதை நல்லது எதைக் கெட்டது என்கிறார்கள் என்று ஆராய்கிறேன் என்று சொல்லி, நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்கு அறுபது படிவம் அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? யாரும் பெயர் எழுதக் கூடாது, நான் படிக்கக் கூடாது, வாங்கியதும் உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாய். பெரிய படிப்புப் படித்த மகள் சொல்கிறாளே என்று நானும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினேன். அதில் ஒன்று அங்கேயே படிக்கும் நம் சின்னவளுடையது. இல்லாமலே போய்விட்டால் தேவலை என்று இந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தோன்றியது என்ற கேள்விக்கு, தினமும் என்று குறி போட்டு, ஓரத்தில் ஒரு நத்தை வரைந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதை என் கையாலேயே பசை தடவி மூடி உனக்கு அனுப்பிவைத்த முட்டாள் நான். அந்த எரிச்சலும் இந்தக் கடிதத்தில் சேர்ந்திருக்கிறது, எல்லாம் உன்மேல்தான் என்று நினைத்துக்கொள்ளாதே.

ஐந்து மாதம் கழித்து உன் கட்டுரை வந்தது. பெருமை தாங்காமல் காலைச் சாப்பாட்டின்போது சத்தமாக வாசித்தேன். ஒரு பெண் அந்தப் பதிலுக்குப் பக்கத்தில் நத்தை வரைந்திருந்தாள், துயரத்திலும் விளையாட்டுக் குணம் போவதில்லை என்று எழுதியிருந்தாய். சின்னவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். பின்னாலேயே போய்க் கேட்டேன். "அக்காவுக்குத் தெரியட்டும்னுதான் வரைஞ்சேன். போன் பண்ணுவான்னு பார்த்தேன்" என்றாள். சின்ன வயதில் அவள் நத்தை வரைந்து கதவுக்கு அடியில் தள்ளுவாள், நீ அதற்குத் தொப்பி போட்டுத் திருப்பித் தள்ளுவாய். உனக்கு மறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அன்றே போனில் கேட்டதற்கு நீயோ, பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பெயரில்லாத படிவத்தை வைத்து ஆளைத் தேடிப் போகக் கூடாது, அது எங்கள் தொழில் ஒழுக்கம் என்றாய். ஒழுக்கத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவள் நீ, நான் என்ன சொல்ல? ஊருக்கெல்லாம் சொல்லும் கட்டுரையில் போட அந்த நத்தை ஆகும், தங்கையைக் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்க மட்டும் ஆகாதா?

இப்போது டாக்டரிடம் கூட்டிப்போகிறோம். மாத்திரை சாப்பிடுகிறாள், கொஞ்சம் தூங்குகிறாள். அப்பா அவள் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். "கதவையும் கழட்டிடுங்க, காத்தாவது வரும்" என்றாள். பல நாளுக்குப் பிறகு அப்பா சிரித்தார், பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலைக்கு எதையாவது கட்டிக்கொள். உன்னைத் திட்டிக்கொண்டே இருக்க எனக்கும் ஆசையில்லை. நன்றாக இரு என்று இன்று அரை மனதோடுதான் வாழ்த்த முடிகிறது, மீதியை அவளிடம் பேசிவிட்டு வந்து வாங்கிக்கொள். புதன்கிழமை மாலை அவள் வீட்டில் இருப்பாள். என்னைக் கூப்பிடாதே, அவளைக் கூப்பிடு. எத்தனை நாள், எவ்வளவு என்றெல்லாம் கேட்காதே.

இப்படிக்கு,
உறையை ஒட்டிய உன் அம்மா

கீழே இருப்பது அவள் வரைந்தது. ஏதாவது எழுதுகிறாயா என்று கேட்டதற்கு இதைத்தான் வரைந்தாள். நத்தையின் தலைக்கு மேலே இடம் விட்டிருக்கிறாள், பார்.