விதைமூட்டையில் குட்டி போட்ட பூனை

ஆவணி 20, வெள்ளி

முளைகட்டிய விதைநெல்லை இன்று மாலை நாற்றங்காலில் தெளிக்கவேண்டியிருந்தது. வருஷாவருஷம் முதல் பிடி என் கைதான். மூட்டையை மூடியிருந்த வைக்கோலை விலக்கினால், அந்தச் சூட்டில் மூன்று குட்டி போட்டுக் கிடக்கிறது என் பூனை! வீட்டுக்காரரைப் பார்த்துச் சீறியது.

"எல்லாம் நீ குடுத்த செல்லம். நீயே தூக்கு."

நான் உட்கார்ந்து கை நீட்டினேன். கண்ணை மெதுவாக மூடித் திறந்தது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி என் மடியில் போட்டுவிட்டு, அது பாட்டுக்கு வெளியே போய்விட்டது.

"பொழுது சாயுது, வர்றியா இல்லியா?"

எப்படி எழுந்திருப்பது? அவரே மூட்டையைத் தூக்கிப்போய்த் தெளித்துவிட்டார், முதல் பிடியும் சேர்த்து. திரும்பி வந்தவர் தானே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

என்னை இவ்வளவு நம்பச் சொல்லி அந்தச் சனியனை யார் கேட்டது? இன்னும் வரக் காணோம். மூன்றும் மடியில் தூங்குகின்றன. எனக்குக் கால் மரத்துப்போய்விட்டது.