பின் சீட்டுக்கு ஓர் அளவு

என் அருமை வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குச் சண்டை போட்டுக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம், அங்கே நீ உடம்பும் மனசும் தெம்பாக இருந்தால் எங்களுக்கு அது போதும். உன் கடிதமும் புது மோட்டார் பைக்கின் படமும் வந்து மூன்று வாரம் ஆகிறது. படத்தில் வண்டி முழுசாக இருக்கிறது, நீ கழுத்து வரைக்கும்தான் இருக்கிறாய், எடுத்தவருக்கு உன்னைவிட வண்டியைப் பிடித்துப் போயிருக்கிறது போல. மேல்மாடி டீச்சர் பார்த்துவிட்டு இவ்வளவு பெரிய வண்டியை உன் பெண் எப்படித் தள்ளுவாள் என்று கேட்டார். தள்ளுவதற்கா வாங்கினாள், ஓட்டத்தான் வாங்கினாள் என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்கு முழுக்க எனக்கும் அதே யோசனைதான்.

நீ அப்பாவுக்கு எழுதிய பட்டியலை நானும் படித்தேன். வண்டியில் மாட்டுவதற்குப் பதினொரு சாமான், எதை முதலில் போடலாம் என்று கேட்டிருந்தாய். அவர் ஏன் இன்னும் பதில் எழுதவில்லை என்பதை உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார், வாங்கினால் வாங்கட்டும். நாலு மாதமாக அவருடைய இடது கை விரல்களில் பிடிமானம் இல்லை. நரம்பில் ஏதோ கோளாறாம், உயிருக்கு ஒன்றும் இல்லை, பதறாதே, அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கிளம்பி வராதே. மற்ற வேலையெல்லாம் நடக்கிறது, கிளட்ச் மட்டும் பிடிக்க முடியாது. டாக்டர் இனிமேல் வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நீ போனில் கேட்கும்போதெல்லாம் வண்டியை சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்கிறாரே, அந்த வண்டி மாடிப்படிக்கு அடியில்தான் நிற்கிறது. தினமும் காலையில் இறங்கிப் போய்த் துடைத்து, ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு மேலே வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருப்பதில்லை. முப்பத்தொரு வருஷம் கடை கடையாகப் போய்த் தராசு ரிப்பேர் பார்த்த மனிதர், ஓர் இடத்தில் கால் தரிக்காதவர், இப்போது டாக்டர் வீட்டைத் தவிர வேறு எங்கும் போவதில்லை. பஸ்ஸில் எங்காவது போய்விட்டு வரலாம் என்றால் நான் என்ன பார்சலா என்று கேட்கிறார். எனக்கு அந்த விரல்களைப் பற்றிக்கூட அவ்வளவு கவலை இல்லை, அந்த நாற்காலியைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே, ஓட்டுகிறவருக்கு ரோடு மட்டும்தான் தெரியும், பின்னால் உட்கார்ந்தவளுக்கு ரோடும் தெரியும் ஓட்டுகிறவரையும் தெரியும். அப்பா வாயையும் கிளறிப் பார்த்தேன். நேராகக் கேட்டால் பதில் வராது, அதனால் முதலில் சைலன்சரை மாற்றச் சொல்லி எழுதப் போகிறேன் என்று ஒரு பொய் சொன்னேன். என் தையல் மிஷின் சத்தத்தையும் மீறி, அவ என்ன ஊருக்குள்ள டமாரம் அடிக்கவா போறா என்று கத்தினார், அதற்குப் பிறகு கேட்காததையும் சேர்த்துக் கொட்டிவிட்டார். இப்போதைக்கு வண்டியில் எதையும் மாட்டாதே, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டு, எது வேண்டும் எது வேண்டாம் என்று வண்டியே சொல்லும் என்கிறார். ஆனால் உன் உடம்புக்கு வேண்டியதை அதற்கு முன்னாலேயே வாங்கிவிடு, நல்ல ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடுகிற ஷூ, தடித்த ஜாக்கெட். வண்டிக்கு நகை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். டயரும் பிரேக்கும் திருப்தியாக இருக்கிறதா என்று பார், கிளம்பும் ஒவ்வொரு காலையிலும் காற்றைப் பார்க்காமல் நகராதே. இன்ஜினுக்குக் காப்பாக இரும்புக் கம்பி மட்டும் இப்போதே போடு, பெரிய வண்டி ஓடும்போது விழுவதைவிட நிற்கும்போது விழுவதுதான் அதிகமாம். விளக்கெல்லாம் பிறகு. பெட்டி வாங்கினால் கனமான சாமானைப் பக்கத்துப் பெட்டிகளில் அடியில் வை, பின்னால் உயரத்தில் ஏற்றாதே. இதை அவர் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். ஒரு தரம் தராசைச் சோதிக்கிற எடைக்கற்களையெல்லாம் ஒரே பெட்டியில் போட்டுப் பின்னால் கட்டிக்கொண்டு மேட்டில் ஏற, முன் சக்கரம் நான் வரவில்லை என்று லேசாகிவிட்டது.

உன் பட்டியலைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய். நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் அவர் வண்டி வாங்கினார். வாங்கிய மாதமே இரட்டைக் குரல் ஹாரன், மஞ்சள் விளக்கு, பளபளவென்று இரண்டு கண்ணாடி எல்லாம் மாட்டியாகிவிட்டது, சீட்டை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் என்னை ஏற்றிக்கொண்டு நூற்று எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் உன் அத்தை வீட்டுக்குக் கிளம்பினார். பாதி வழியில் டீ குடிக்க இறங்கினவள், மறுபடி ஏறமாட்டேன் என்றேன். கெஞ்சினார், கோபித்தார், இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தார். பஸ் வந்தது, நான் ஏறிவிட்டேன். அவரும் விடவில்லை, பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் ஜன்னலுக்குக் கீழே நின்று அந்த இரட்டைக் குரலை அடித்தார். கடைசியில் கண்டக்டர் என்னிடம் வந்து, அம்மா, உங்க சண்டைல எங்களுக்குத் தலைவலி, தயவுசெஞ்சு எறங்கிப் போயிடுங்க என்றார். நானா இறங்குவேன், அத்தை வீட்டு வாசலில்தான் இறங்கினேன். அடுத்த வாரமே சீட்டைக் கழற்றி என் மிஷினுக்கு முன்னால் போட்டேன். முதலில் மெத்து மெத்தென்று சோபா நுரையை வைத்துத் தைத்தேன், பத்தே கிலோமீட்டரில் அமுங்கிப் பலகையில் இடித்தது. பிறகு அடியில் கெட்டி நுரை, மேலே மெல்லிசாக ஒரு மெது நுரை, சரிவை எடுத்துச் சமமாக்கி உறை தைத்தேன். மெத்தென்று இருப்பதெல்லாம் கடையில் உட்கார்ந்து பார்க்கத்தான் நன்றாக இருக்கும், தூரத்துக்கு ஆகாது, இதை நினைவில் வை. அதற்குப் பிறகு நாங்கள் போகாத திசை இல்லை. நீ வந்ததும் எங்கள் இருவருக்கும் நடுவில் செருகிக்கொண்டு போனோம், ஊர் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாய், உன் எச்சில் அவர் சட்டை முதுகில் தேசப்படம் போட்டிருக்கும். எனக்கு வழியெல்லாம் பார்க்கக் கிடைத்தது அந்த முதுகுதான். மழையானாலும் எதிர்க்காற்றானாலும் முதலில் அதன் மேல் பட்டுவிட்டுத்தான் என்னிடம் வரும். அந்த நாட்கள் திரும்ப வேண்டும் என்று அடம்பிடிக்க நான் குழந்தை இல்லை, ஆனால் அந்த முதுகு நாற்காலியில் சாய்ந்து கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

உன் பதினொன்றில் பின்னால் உட்காருகிறவருக்கு என்று ஒன்றுகூட இல்லை. தனியாகச் சுற்றத்தானே வாங்கினாய், குறை சொல்லவில்லை. ஆனாலும் அம்மா ஒன்று கேட்கிறேன், முதலில் பின் சீட்டைக் கவனி. முதுகுக்கு ஒரு சாய்மானம், வலது பக்கம் உறுதியாக ஒரு கைப்பிடி, முட்டி ரொம்ப மடங்காதபடி கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட்டைக் கொஞ்சம் இறக்கிப் பொருத்து. அடுத்த லீவுக்கு வண்டியிலேயே நிதானமாக வந்து அவரை ஒரு வாரம் எங்காவது கூட்டிக்கொண்டு போ. அவர் லேசில் சம்மதிக்க மாட்டார், அதுவும் எனக்குத் தெரியும். ஆயுசில் யார் பின்னாலும் உட்காராதவர். ஒரு தரம் நூற்று மூன்று காய்ச்சலில், தன்னை வீட்டில் கொண்டுவிட வந்த கடைக்காரரையே பின்னால் உட்காரவைத்துத் தானே ஓட்டிக்கொண்டு வந்தவர். இதை அவரிடம் எப்படி எடுப்பது என்று ஒரு வாரமாகத் தவித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அவரிடம், உங்களுக்குப் புது பேண்ட் தைக்கப் போகிறேன் என்று சொல்லி டேப்பை எடுத்தேன். வந்து நின்றார். இடுப்பை எடுத்தேன், இடுப்பிலிருந்து முட்டி எடுத்தேன், முட்டியிலிருந்து உள்ளங்கால் எடுக்கக் குனிந்தபோது காலை நகர்த்திக்கொண்டார். கண்டுபிடித்துவிட்டார், இனி கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ நேராகப் போய், நான் துணி வெட்டுகிற பெஞ்சில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தார். இப்ப எடு, நின்னபடி எடுத்தா ஃபுட்ரெஸ்ட் உயரம் தப்பாப் போயிடும் என்றார்.

நீ போகிற ரோடெல்லாம் உனக்கு வழிவிடட்டும், எங்கள் ஆசி எப்போதும் உன் கூடவே வரும். பதினெட்டரை அங்குலம், மறந்துவிடாதே.

உன் அம்மா