பென்சில் சீவிய கத்தி

அன்பு ஸாலிஹா, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உம்மாவின் மூட்டுவலி தேவலையா? நம் ரய்யான் அழாமல் பள்ளிக்கூடம் போகிறானா?

உம்மா என் பெட்டியில் வைத்துவிட்ட, நன்னாவின் மடக்குக் கத்தி என்ன கத்தி என்று நேற்று தெரிந்துவிட்டது. "எங்க வாப்பா சிங்கப்பூரு ஆபீஸ்ல இதுலதான் பென்சில் சீவிக்கினு இருந்தாரு" என்று உம்மா ஊரெல்லாம் சொல்வாரே! அதன் முதுகில் மடங்கியிருக்கும் தடித்த ஊசி எதற்கென்று மட்டும் நமக்குப் புரிந்ததில்லை.

இங்கே துறைமுகத்தில் எங்கள் கடலூர் மேஸ்திரி அதைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆபீஸ் கத்தி இல்ல தம்பி. சரக்குக் கயிறு இறுகிப்போனா, இந்த ஊசியாலதான் முடிச்ச நெம்புவாங்க. இத வச்சிருந்தவரு கப்பல்ல மூட்டை தூக்கினவரு."

நெம்பிப் பார்த்தேன். காலையிலிருந்து என்னைப் பாடாய்ப் படுத்திய முடிச்சு உடனே அவிழ்ந்தது.

திண்டிவனம் வேணு அண்ணன் அடுத்த மாதம் இங்கே திரும்பி வருகிறார். உள்ளங்கை வெடிப்புக்குக் களிம்பு வாங்கி அவரிடம் கொடுத்தனுப்பு. விழுப்புரத்தில் கிடைக்கும். இரண்டு டப்பாவாகவே வாங்கு.

உம்மாவுக்கு அது பென்சில் சீவிய கத்தியாகவே இருக்கட்டும். நான் ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதாகவும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உனக்கும் அப்படித்தான் எழுதினேன். அவரிடம் அதையும் திருத்தாதே.

வண்டி வந்துவிட்டது.

உன்
சாதிக் பாட்சா